பதினொரு மாதம் பிந்திய கடிதம்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டுச் சிறுமி தன் கொப்பியை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். எடுத்து வைக்கப் போன என் கை, எழுதிய தாளின் பின்பக்கத்தில் பட்டது. பேனையை அழுத்தி எழுதுகிற பிள்ளை. ஒவ்வொரு வரியும் விரலில் தட்டுப்பட்டது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன். அதன்பின் சமையலும் ஓடவில்லை, ஒன்றும் ஓடவில்லை. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் வரை நான் தெற்கில், பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. அதற்குள் மாற்றுச் சேலை ஒன்றும், பிரெயில் எழுதும் சட்டமும், குத்தூசியும். பிறகு மானிப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய், கண் தெரியாதவர்களுக்கு வீடு வீடாக எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். எல்லாரும் பிள்ளைகள். நாற்பத்தாறு வயதில் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

அச்சுவேலியில் உங்கள் வீட்டுக்கு நான் முதன்முதல் வந்த அன்று முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தீர்கள். நீரிழிவுச் சலரோகம் கண்ணைக் கொண்டுபோய் இரண்டு வருடம். கணவர் அதற்கும் முன்பே போய்விட்டார். ஒரே மகன் நேசன் ஜேர்மனியில். உங்கள் தம்பி குடும்பம் அடுத்த வளவில் இருந்தது. ஆனால் அவர்களைக் கொண்டு கடிதம் வாசிப்பிக்க உங்களுக்கு விருப்பமில்லை.

"அவை வாசிச்சா அண்டைக்கே ஊரெல்லாம் கதை போயிடும். பிள்ளை, நீங்கள் வெளியாள். நீங்கள் வாசியுங்கோ. வாசிச்சுக்கொண்டே எனக்கு உந்தப் புள்ளி எழுத்தையும் பழக்கிவிடுங்கோ. பிறகு ஒருதரும் வேண்டாம்."

கணக்கும் படிப்பிக்கிறேன் என்றேன். சிரித்தீர்கள். ஆயிரம் கன்றுப் புகையிலைத் தோட்டத்தில் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை கன்று, எத்தனை பட்டுப்போனது என்று ஒரு மூச்சில் சொன்னீர்கள். "கணக்கு எனக்குத் தலைக்குள்ளை கிடக்கு. எழுத்தைத் தாங்கோ."

எழுத்து இலேசில் வரவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள். ஆறு புள்ளிகளில் எது எழும்பியிருக்கிறது, எது இல்லை என்று பிடிபட உங்களுக்கு இரண்டு மாதமாயிற்று. அ என்பது ஒரு புள்ளி. அதை முதலில் கண்டுபிடித்த அன்று, "இவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டு அந்த ஒரு புள்ளியைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். வடக்கில் கடதாசிக்குத் தடை இருந்த காலம். பழைய கலண்டர் மட்டைகளைச் சேர்த்து வைத்து அவற்றில்தான் குத்தினோம்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நேசனின் அந்தக் கடிதம் வந்தது. மூன்று தாள். கிணற்றடி வாழை நிழலில் இருந்து உங்களுக்கு வாசிக்கத் தொடங்கினேன். முதல் தாள் வழக்கம்போல இருந்தது. குளிர், வேலைத்தலம், கூட இருக்கும் பெடியள். இரண்டாம் தாளின் நடுவில் என் கண் எனக்கு முன்னால் ஓடியது.

"அம்மா, என்ரை அகதி வழக்கை மறுத்துப்போட்டாங்கள். இஞ்சை எனக்கு ஒருதரும் இல்லை. நித்திரை வருகுதில்லை. நான் திரும்பி வரட்டோ? நீங்கள் வா எண்டு ஒரு சொல் எழுதினால் வந்திடுவன்."

என் தம்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கொழும்பில் இருந்தவனை, தனியாக இருக்கிறாய், வீட்டுக்கு வா என்று கடிதம் போட்டுக் கூப்பிட்டது எங்கள் அம்மா. வந்தான். மூன்றாம் மாதம் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். அதன்பின் அவன் இல்லை. அம்மா சாகும்வரை, "நான்தானே கூப்பிட்டனான்" என்பதைத் தவிர வேறு கதையில்லை.

இது நீங்கள் என் பக்கம் சாய வேண்டும் என்பதற்காகச் சொல்வதல்ல. அந்த இடத்தில் என் மனதில் என்ன ஓடியது என்பதற்காகச் சொல்கிறேன். நீங்கள் வா என்றுதான் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரிந்தது. எந்தத் தாயும் சொல்வாள். நான் ஒரு மூச்சு விட்டேன். பிறகு அடுத்த தாளின் கடைசி வரிக்குப் போய், "சுகத்துக்கு எழுதுங்கோ, இப்படிக்கு அன்பு மகன்" என்று வாசித்து முடித்தேன்.

"அவ்வளவுதானோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அக்கா."

அன்றே பதில் சொல்லச் சொல்ல எழுதினேன். வெங்காயம் நல்ல விளைச்சல். கம்பளியை மறக்காமல் போடு. பக்கத்து வீட்டு மாடு கன்று போட்டிருக்கு. நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது. வரட்டோ என்று கேட்ட பிள்ளைக்கு, மாடு கன்று போட்ட செய்தியை என் கையால் எழுதி, என் கையால் ஒட்டி அனுப்பினேன்.

அதன்பின் நேசன் எழுதவில்லை. கப்பலில் தபால் மூட்டை வந்ததாம் என்று கேள்விப்படும்போதெல்லாம் வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தீர்கள். பார்த்தபடி என்றுதான் எழுத வருகிறது. உங்கள் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். இன்னும் இரண்டு கடிதம் சொல்லி எழுதுவித்தீர்கள். பதில் இல்லை. அந்த மாதங்களில் நீங்கள் வெறி பிடித்தவர்போலப் படித்தீர்கள். வாசிக்கக் கற்று, எழுதக் கற்று, ஒருநாள் கேட்டீர்கள்.

"அவன்ரை பழைய கடிதமெல்லாத்தையும் புள்ளியிலை போட்டுத் தாங்கோ பிள்ளை. நினைச்ச நேரம் எடுத்து வாசிக்கலாம்."

ஒன்பது கடிதம். எல்லாவற்றையும் குத்தினேன். அந்த ஒன்றையும், அன்று நான் வாசித்தபடியே குத்தினேன்.

ஒரு கிழமை கழித்து வந்தபோது நேசனின் கடிதங்களும் என் புள்ளித் தாள்களும் உங்கள் முன்னால் சோடி சோடியாகப் பாயில் அடுக்கியிருந்தன. இருக்கச் சொல்லவில்லை.

"ரீச்சர், அவன்ரை ஒரு தாள் உங்கடை புள்ளியிலை மூண்டு தாள் வருது. எட்டுக் கடிதமும் அப்படித்தான். நான் எண்ணிப் பாத்தனான்."

"ஓம் அக்கா."

"இந்தக் கடிதம் மூண்டு தாள். ஒன்பது வரவேணும். அஞ்சுதான் கிடக்கு. நாலு தாள் எங்கை?"

நீங்கள் நேசனின் இரண்டாம் தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பி விரலை வைத்தீர்கள்.

"இதிலை பாருங்கோ. மேலை மெல்ல எழுதிக்கொண்டு வாறான். இதிலையிருந்து அமத்தி அமத்தி எழுதியிருக்கிறான். கடதாசி கிழியப் பாக்குது. குளிரைப் பற்றியே என்ரை பிள்ளை இப்படி அமத்தி எழுதுவான்?"

வாசித்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கி, ஒரு வரி விடாமல் வாசித்தேன். முடிந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"அவன் கேட்டு எத்தினை மாசம்?"

"கடிதம் வந்து பதினொண்டு."

நான் என் தம்பியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

"எனக்குத் தெரியும். வா எண்டுதான் நான் சொல்லியிருப்பன், அதுவும் எனக்குத் தெரியும். ஆனா ரீச்சர், அவன் என்னைக் கேட்டவன். உங்களைக் கேக்கேல்லை."

அதற்கு மேல் நீங்கள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏசவில்லை. "சட்டத்தையும் ஊசியையும் வைச்சிட்டுப் போங்கோ. மூண்டு நாள் கழிச்சு வாங்கோ" என்றீர்கள்.

மூன்றாம் நாள் போனபோது நான்கு மட்டைகள் தயாராக இருந்தன. நேசனுக்கு நீங்களே குத்திய கடிதம். அவருக்கு இந்த எழுத்துத் தெரியாதே என்றேன்.

"எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. படிக்கட்டும். இனி எனக்கும் அவனுக்கும் நடுவிலை ஒருதற்ரை வாயும் வேண்டாம்."

ஐந்தாவது மட்டையில் அ முதல் எல்லா எழுத்தையும் வரிசையாகக் குத்தி வைத்திருந்தீர்கள். ஒவ்வொன்றின் கீழும் அச்செழுத்தைப் பேனையால் எழுதுவது மட்டும் என் வேலை. எழுதினேன். கடிதத்தைத் தொடவும் என்னை விடவில்லை. உறைக்குள் நீங்களே வைத்தீர்கள்.

தபால் கந்தோரில் இருந்தவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "உதென்ன பிள்ளை, எழுத்தும் இல்லை, படமும் இல்லை? அங்காலை ஆமி பிரிச்சுப் பாத்தா ஏதோ இரகசியம் எண்டு கிழிச்செறிவான்." திரும்பவும் சைக்கிளை மிதித்து உங்களிடம் வந்தேன். இது கண் தெரியாத தாய் மகனுக்கு எழுதிய கடிதம் என்று மேலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதட்டுமா என்று கேட்டேன். சற்று யோசித்தீர்கள்.

"என்ன எழுதப்போறியள் எண்டதை முதல் புள்ளியிலை போட்டுக் காட்டுங்கோ. வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

குத்திக் காட்டினேன். வாசித்தீர்கள். எழுதச் சொன்னீர்கள். தபால்காரரிடம் கெஞ்சி, புள்ளிகள் நசியாமல் உறையின் மூலையில் மட்டும் முத்திரை குத்துவித்தேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. தடித்த தாளில், தையல் ஊசியால் குத்திய புள்ளிகள். பின்பக்கத்திலிருந்து திருப்பிக் குத்தவேண்டியதை நேசன் முன்பக்கத்தால் குத்தியிருந்தார். பின்பக்கம் எழும்பிய எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக் கிடந்தன. நீங்கள் முதலில் திகைத்தீர்கள். பிறகு, அந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தீர்கள். "மடையன், மற்றப் பக்கத்தாலை குத்திப்போட்டான்." விரல் வலத்திலிருந்து இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு எழுத்து, நிறுத்தம், இன்னொரு எழுத்து. நான் வேலியோரம் நின்றேன்.

"என்ன எழுதியிருக்கிறார் அக்கா?" என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடிதம் எழுதியிருக்கிறான்" என்றீர்கள்.

தொடர்ந்தும் கிழமைக்கு ஒருநாள் வந்தேன். எண் குறி போட்டுத் தேதி எழுதப் பழகினீர்கள். பெருக்கலையும் வகுத்தலையும் தாளில் செய்யக் கேட்டீர்கள். தேத்தண்ணியும் பனங்கட்டியும் எப்போதும்போல வந்தன. ஆனால் அதன்பின் என்னைப் பிள்ளை என்று நீங்கள் கூப்பிடவேயில்லை. ரீச்சர்தான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கம் மட்டும் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் இராணுவம் முன்னேறி வர, உங்கள் பக்கம்தான் முதலில் ஊரை விட்டு எழும்பியது. உங்கள் தம்பி குடும்பத்தோடு போய்விட்டீர்கள் என்றார்கள். பின்னால் மழைக்குள் நாங்களும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டினோம். தென்மராட்சியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கேட்டுத் திரிந்தேன். கொடிகாமத்தில் ஒரு வகுப்பறையில் உங்கள் தம்பியைக் கண்டேன். இன்சுலின் கிடைக்கவில்லை, காலில் புண், வந்த பத்தாம் நாள் உயிர் போய்விட்டது என்றார். நான் போனது பன்னிரண்டாம் நாள்.

சமாதான காலத்தில், பாதை திறந்தபின், நரைத்த தலையோடு ஒருவர் என் வாசலில் வந்து நின்றார். நேசன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ரீச்சர், நான் வரட்டோ எண்டு கேட்டு எழுதினனான். அம்மா வெங்காயக் கதை எழுதினவா. அவவுக்கு நான் வேண்டாமாக்கும் எண்டு நினைச்சிட்டன். எழுதிறதை விட்டிட்டன். அந்த ஒரு வருசம் என்னெண்டு இருந்தனெண்டு எனக்குத் தெரியாது. பிறகு அந்தப் புள்ளிக் கடிதம் வந்திது. ரண்டு நாள் இருந்து ஒவ்வொரு எழுத்தாய்ப் பிடிச்சன்."

"அம்மா என்ன எழுதினவா தம்பி?"

"'உன்ரை கடிதம் வழியிலை கிடந்து பதினொரு மாசம் பிந்தித்தான் என்ரை கைக்கு வந்தது, ராசா. முதலே வந்திருந்தா வா எண்டு சொல்லியிருப்பன். இப்ப மூண்டு நாள் யோசிச்சுச் சொல்லுறன், வராதை.' அப்பிடித் தொடங்கினவா. நீங்கள் படிப்பிக்காட்டி அது எனக்குக் கிடைச்சிராது, ரீச்சர்."

வழியில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கடைசியில் நீங்களும் நான் நினைத்த பதிலைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை. மூன்று நாள் இருந்து நீங்கள் சொன்ன பதிலும், வாழை நிழலில் ஒரு மூச்சில் நான் சொல்லிவிட்ட பதிலும் ஒன்றல்ல என்று இப்போது தெரிகிறது.

நேசனிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். "தேத்தண்ணி குடியுங்கோ தம்பி" என்றுதான் வந்தது.

அவருடைய விலாசம் என்னிடம் இருக்கிறது. பலமுறை எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். சொன்னால், மகனுக்கு நீங்கள் எழுதிய முதல் வரியைப் பொய்யென்று நானே ஆக்க வேண்டும். சொல்லாவிட்டால், உங்கள் இருவருக்கும் இடையில் நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். எது சரி என்று கேட்க எனக்கு நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள், அக்கா.