துளைக்க முதல்

அன்பானவருக்கு,

நிலத்துக்குள் நெருப்பிருக்கும் எரிமலைத் தீவு, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுக்கக் கிணறு துளைக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். மாமிக்கு வாசித்துக் காட்டினேன்.

“துளைக்க முதல் கண்ணிவெடி பாத்தவையோ எண்டு கேள் பிள்ளை” என்றார்.

அங்கே யுத்தமே நடக்கவில்லை என்றேன்.

“உள்ளுக்கை நெருப்பிருக்கிற நிலமெண்டு நீதானே வாசிச்சனி.”

கடிதத்தை மடித்து உறையில் வைத்தேன்.

போன கிழமை எங்கள் பளைக் காணியிலிருந்து மண்டையோட்டு எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். கண்ணிவெடி அகற்றிய பெண்கள் எல்லை முழுக்க நடந்து காட்டினார்கள். பிறகு நானும் நடந்தேன். கண்ணிவெடியில் மகன் விழுந்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். மண் குளிர்ந்திருந்தது.

இனி அங்கே குடியிருக்கலாம். கிணறு ஒன்றுதான் இல்லை. துளைக்கிற ஆட்கள் பரந்தனில் இருக்கிறார்களாம். அந்த மண்ணைத் துளைக்கச் சொல்லி நான் ஒருவரையும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி