ஒன்பதாவது பை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? எங்கள் ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோய் பற்றிப் பேசக் கூப்பிட்டால், பெண்கள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் ஒரு விளையாட்டு யோசித்திருக்கிறேன். மார்பு வடிவத்தில் பஞ்சுப் பைகள். சிலவற்றுக்குள் ஒரு பட்டாணி. கண்ணைக் கட்டிக்கொண்டு மூன்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். தையல்கடைக்காரி நீங்கள் இருக்க நான் யாரிடம் போவேன்? பத்துப் பை வேண்டும். எங்கே ஒளிப்பது என்பது உங்கள் இஷ்டம்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 15

வாயாடிக்கு,

பள்ளிச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் கேட்டது நீயாயிற்றே. பத்தும் எண் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவதை நீயே தடவிப் பார்.

அண்ணி

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

ஒரே சிரிப்பு, கூச்சல்! எங்கள் ஆஸ்பத்திரி சமையல்காரம்மா, “அரிசியில கல்லு பொறுக்குற கை இது, விடுமா?” என்று ஐந்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பதாவதில்தான் எல்லாரும் தோற்றார்கள். பிரித்தால், அக்குள் பக்க ஓரத்தில் ஒரு கொண்டைக்கடலை! யாருமே அந்த ஓரத்தைத் தொடவில்லை. அங்கேயா ஒளிப்பார்கள்? சரியான கள்ளி நீங்கள். எனக்குத் தடவிப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

வாயாடி

மார்ச் 6

வாயாடிக்கு,

ஒளிக்கவில்லையம்மா. பை சரியாக வர வேண்டுமே என்று, நீ எழுதியபடி என்னையே தடவிப் பார்த்தேன். எனக்கு இருக்கும் இடத்தில், இருக்கும் அளவில் வைத்தேன். எழுதக் கை வரவில்லை. நீ தொட்டால் கேட்பாய் என்றிருந்தேன். உன் அண்ணனிடமும் சொல்லவில்லை.

அண்ணி

மார்ச் 10

அண்ணி,

ஊருக்கெல்லாம் சொன்ன நான் உங்களைக் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனால் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன். அண்ணனிடம் இருவருமாகச் சொல்வோம்.

உங்கள் வாயாடி

ஜூன் 19

என் வாயாடிக்கு,

ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த கதிர்வீச்சும் போன வாரத்தோடு முடிந்தது. கட்டி கெட்டதுதான் என்றாலும் பரவுவதற்குள் வந்துவிட்டேன் என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். உன் அண்ணன் ஒரு நாள் தவறாமல், என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் காத்திருந்தார். கடைசி நாள் வீட்டுக்கு வந்ததும்தான் அழுதார்.

கடையைத் திறந்துவிட்டேன். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் மெதுவாகப் பேச்செடுக்கிறேன். நேற்று ஒருத்தி, “துணி தைக்க வந்தேனா, இதக் கேக்க வந்தேனா?” என்று முறைத்துக்கொண்டு போய்விட்டாள். இன்று நான் வருவதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தாள்.

“கதவச் சாத்துங்கக்கா,” என்றாள்.

சாத்தினேன்.

உன் அண்ணி