இடது கைக்கு வந்த பேஸ் கிட்டார்

நந்தன்கோடு, திருவனந்தபுரம்
12 நவம்பர் 2001

அன்புள்ள மகன் யோசுவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, மஸ்கட்டில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. ஏப்ரலில் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து இடது கை அப்படியேதான் கிடக்கிறது, எண்ணெய் தேய்த்துவிட வரும் ஓமனா இன்னும் ஆறு மாதம் என்கிறாள், ஆறு மாதத்துக்கு முன்பும் அதைத்தான் சொன்னாள். எனக்கு அலுத்துவிட்டது யோசுவா மக்களே. வாசிக்க முடியாத பியானோ எதற்கு, விற்றுவிட்டு அங்கே வந்துவிடும்படி எழுதியிருந்தாய். கோபப்படக்கூடத் தெம்பில்லை, பதில் சொல்ல வேண்டுமே என்று நடந்ததை எழுதுகிறேன்.

ஆகஸ்டில் உன் கூட்டாளி சஜி வந்தான், கோவளத்து ஹோட்டலில் ராக் வாசிக்கிறானே, அவன்தான். அவனுடைய கிட்டார் ரிப்பேராம், உன் பேஸ் கிட்டாரை இரவல் கேட்டான். அலமாரிமேல்தான் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்றேன். நான் அப்போது, நீ பத்தாம் வகுப்பில் லண்டன் பியானோ தேர்வுக்கு வாசித்தாயே அந்த ஜெர்மன்காரர் இசை, அதை வலது கையால் மட்டும் தடவிக்கொண்டிருந்தேன். கம்பியைச் சரிபார்க்க உட்கார்ந்தவன் என் இடது கை விட்ட இடத்தில் இரண்டு சுரம் வைத்தான். கொசு அளவு சத்தம்தான். நான் நிறுத்தவில்லை.

மறுநாள் இடது கைப் பகுதி முழுவதையும் நம் கொயர்காரர்கள் டோ ரே மி என்று எழுதுவது போல சோல்ஃபா எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், கோட்டில் எழுதிய நொட்டேஷன் அவனுக்கு வராது. ஒரு சுரம் விடவில்லை. அவனும் அப்படியே வாசித்தான், தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டியது போல இருந்தது. டீச்சரே, ஒரு இடத்துக்கு ஒரு சுரம் மதி, பாக்கி ஜெயன் நோக்கிக்கும் என்றான், ஒன்றே போதுமாம், மிச்சத்தை ஜெயன் பார்த்துக்கொள்வானாம். ஜெயன் அவனோடு ஹோட்டலில் டிரம்ஸ் அடிக்கிறவன். நாற்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்து, பிள்ளைகள் ஒரு சுரம் விட்டாலும் ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டியவள் நான், பென்சிலை எடுத்து என் கையாலேயே சுரங்களைக் கோடு போட்டு அடிக்க வேண்டிவந்தது. பாதிக்கு மேல் அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் மனசு வலித்து அழுதேன், கை வலிக்கிறதா என்று ஓமனா கேட்டாள். ஜெயன் வந்த பிறகுதான் தெரிந்தது, இடது கை இல்லாமல் என் வலது கை அவசரப்பட்டு ஓடுகிறது, அவன் அடிக்கும் தாளத்தில்தான் அது நிற்கிறது. மெதுவாக அடி என்று தினமும் சண்டை போட்டேன். டீச்சர் ஓடாம இருந்தா நான் எதுக்கு அடிக்கணும் என்றான், தடிமாடு.

போன வாரம் அறுப்பின் பண்டிகைக்குச் சபை ஹாலில் மூவரும் வாசித்தோம். கொயரில் பாடும் ஜெபமலர் பாதியில் எழுந்து போய், ஞானபாய் டீச்சருக்கு இந்தக் கதி வரணுமா என்று வாசலில் நின்று சொன்னாளாம். சொல்லட்டும். முடிந்தபோது எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, எழுந்து நிற்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன் மக்களே. அதனால் பியானோவை விற்கிற பேச்சு இனி வேண்டாம்.

இன்னொன்று. பேஸ் கிட்டாரெல்லாம் ஒரு வாத்தியமா, பின்னால் நின்று டும் டும் என்று தட்டவா உன்னைப் பெற்றேன் என்று அன்று உன் சிநேகிதர்கள் முன்னால் கேட்டேன். நீ அதை அலமாரிமேல் வைத்துவிட்டு டிப்ளமோவுக்குப் போனாய், அப்புறம் தொடவே இல்லை. நான் சொன்னது தப்பு. அதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சஜிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் போகிறான். வேறு ஆள் பார்த்துத் தருகிறேன் என்றான், நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன். இடது கைப் பகுதியை மறுபடி சுத்தமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன்னை வா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை, லீவு எப்போது என்று மட்டும் எழுது.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வெயிலில் தொப்பியில்லாமல் போகாதே. அங்கே யாரிடமாவது கிட்டார் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகு, ரொம்ப நாள் விட்டதால் முதலில் விரல் வலிக்கும்.

உன் அம்மா,
ஞானபாய்