வலப்பக்கம் எழுதாமல் விட்ட வரி

அன்புள்ள அம்மாவுக்கு, விடுதியிலிருந்து உங்கள் மகள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

இங்கே ஒரு வேடிக்கை. வேதபாடப் பரீட்சையில் எனக்கு ஒரு மதிப்பெண் போய்விட்டது. உலக முடிவைப் பற்றிய தரிசனங்களில் வருவதெல்லாம் அடையாளங்கள் என்று டீச்சர் சொல்லித்தந்திருந்தார். இடப்பக்கம் இருக்கும் அடையாளத்துக்கு வலப்பக்கம் பொருள் எழுத வேண்டும். ஏழுதலை மிருகம் என்றால் கொடுங்கோல் அரசு, கடல் என்றால் குழப்பம் என்று எல்லாம் சரியாக எழுதினேன். கடல் தன்னிடமுள்ள இறந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கும் என்ற வரிக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, மறந்துட்டியா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். அதுவும் வெறும் அடையாளம்தானா?"

"ஆரம்பிச்சுட்டாடி கேள்விக்குறி" என்று பின்பெஞ்சில் சிரித்தார்கள். அப்பாவின் படகு எட்டு மாதமாகத் திரும்பாதது டீச்சருக்குத் தெரியும். என் தாளை மடித்துக் கொடுத்தார்.

அதிலிருந்து குழாய் சொட்டினால்கூட யாரோ ஈரக்காலோடு நடந்து வருவதுபோல் இருக்கிறது. பயமெல்லாம் இல்லை அம்மா.

இரண்டு பேனாவும் தலைக்கு எண்ணெயும் அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது. அப்பாவின் செருப்பை மாமாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்களே, கொடுக்காதீர்கள். வாசலிலேயே கிடக்கட்டும்.

உங்கள் மகள்