மூன்றில் எதை அழிப்பது

1999 மாசி 21, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் கூட்டம். கரையோரத்து இரண்டு சிறு கோயில்களிலும் இம்முறை இயேசுவின் உயிர்ப்புத் திருநாளுக்குப் பாட்டு நடத்த ஆளில்லை. எங்கள் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிந்து அனுப்பலாம் என்றார் சுவாமியார். பதிவதற்கு இரண்டு கசற் வேண்டும். புதுக்குடியிருப்புக் கடைகளில் வெற்றுக் கசற் இல்லை. இருக்கும் சினிமாப் பாட்டுக் கசற்றுகள் எல்லாம் ஓடித் தேய்ந்தவை.

நான் கையை உயர்த்தினேன். எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன, மூன்றிலும் ஒரே இசைதான் என்றேன். ஒரு பாடத்துக்கு ஒரே புத்தகம் மூன்று வைத்திருப்பவன் இரண்டைக் கொடுத்தால் என்ன குறையப் போகிறது என்று உதாரணமும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மனைவி அற்புதம் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் எனக்கு முன்னால் நடந்தாள். படலையைத் திறக்கும்போதுதான் கதைத்தாள்.

"புத்தகத்தைக் குடுத்தால் வேறை ஆரும் படிப்பினம். நீங்கள் குடுக்கிறது அழிக்கிறதுக்கு."

அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை.

மாசி 23

தேநீர் வருகிறது, சோறு வருகிறது. கதை வரவில்லை.

கசற்றுகள் அவளுடையவை. அவளுடைய தம்பி வின்சன் ஜேர்மனியிலிருந்து அனுப்பியவை. முல்லைத்தீவில் இருந்த காலத்திலிருந்தே அவள் கோயில் பாட்டுக்கு வயலின் வாசிப்பவள். மக்ஸ் புரூக் என்ற ஜேர்மன்காரரின் வயலின் கொன்சேட்டோ, பெரிய வாத்தியக்குழுவோடு தனி வயலின் வாசிக்கும் நீண்ட இசை, நன்றாக இருந்தது என்று ஒருமுறை தம்பிக்கு எழுதினாள். அவனும் ஊருக்கு யாரேனும் வரும்போதெல்லாம் அதையே அனுப்பினான், வேறு வேறு ஆட்கள் வாசித்ததாக. புரூக் எழுதிய வயலின் கொன்சேட்டோக்கள் மூன்று. ஆனால் உலகம் கேட்பது முதலாவதைத்தான். மூன்று கசற்றிலும் முதற்பக்கத்தில் அதுதான் இருக்கிறது. சண்டையில் இடம்பெயர்ந்தபோது உடுபுடவையைக்கூட விட்டுவிட்டு இவற்றை அரிசிக்குள் புதைத்துக் கொண்டுவந்தாள்.

இதையெல்லாம் அறிந்த ஒருவன்தான் கையை உயர்த்தினான்.

மாசி 24

மன்னிப்புக் கேட்டேன். கொடுக்க வேண்டாம், நானே போய்ச் சுவாமியாரிடம் சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

"கோயிலிலை சொன்ன சொல்லை மாத்தேலாது. கரையிலை உள்ள சனம் பாட்டில்லாமல் உயிர்ப்புக் கொண்டாடுறதோ? குடுப்பம். ஆனால் எதை வைச்சிருக்கிறது, எதை அழிக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ. நான் போட்டுக் கேக்கமாட்டன். கேட்டால் ஒண்டையும் குடுக்க எனக்கு மனம் வராது."

அழித்தால் அழித்ததுதான். பங்குனி 14இல் பதிவு. அதற்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மாசி 27

முப்பத்துநான்கு வருடம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவனுக்கு இது பெரிய வேலையா? ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டு, நூற்றுக்குப் புள்ளி போடுவது என்று முடிவு செய்தேன்.

உறையில் உள்ள படத்தை வைத்துப் பெயரும் இட்டாயிற்று. கண்ணாடி போட்டவர் படம் உள்ளது கண்ணாடிக்காரர். நீல உடுப்பில் ஒரு பெண் வயலினோடு நிற்பது நீலச்சட்டைக்காரி. மூன்றாவதில் ஆளே இல்லை, பனிமலைதான். அது மலை.

கரண்ட் இல்லை, தடையால் பற்றறியும் கிடையாது. எல்லா வீட்டிலும் போல எங்களுக்கும் சைக்கிள் டைனமோதான். சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி ஒருவர் மிதிக்க, ரேப் றெக்கோடர் பாடும். கசற்றைத் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதற்கு மிதியை வீணாக்காமல், அதன் பல்லுத் துளைக்குள் பேனையை விட்டுச் சுற்றிக்கொள்வேன்.

இன்று கண்ணாடிக்காரர். நானே மிதித்தேன். என்ன நிதானம்! நடுப்பகுதியில் ஒவ்வொரு சுரத்தையும் தடவித் தடவி வைக்கிறார். பரீட்சைக்கு நேரம் போதும் என்று தெரிந்த பிள்ளை எழுதுவது போல. 82.

பங்குனி 2

பக்கத்து வளவு ஏரம்பு உதவிக்கு வந்தார். முரசுமோட்டையில் வயல் செய்து, எங்களைப் போல இடம்பெயர்ந்தவர், கால் இரும்பு போல. அவர் மிதிக்க நீலச்சட்டைக்காரியைக் கேட்டோம். ஓட்டமும் பதற்றமும். மணி அடிக்கப் போகிறது என்று அவசரப்படும் பிள்ளையின் எழுத்து. 48.

பின்னேரம் மலை. பாதி நான் மிதிக்க, மீதி ஏரம்பு. அமைதியாகத் தொடங்கி, போகப் போக உணர்ச்சியைக் கூட்டிக்கொண்டு போகும் கலைஞர் இவர். 71.

ஏரம்பு வியர்வையைத் துடைத்தபடி, "இவ்வளவு மிதிச்சதுக்கு முரசுமோட்டைக்குப் போய் வயலையும் பாத்திட்டு வந்திருப்பன் மாஸ்டர்" என்றார்.

பங்குனி 5

முடிவைக் குசினி வாசலில் நின்று சொன்னேன். கண்ணாடிக்காரர் இருக்கட்டும். மற்ற இரண்டும் போகட்டும். நீலச்சட்டைக்காரிக்கு 48தான் போட முடிந்தது, ஏரம்பு மிதிக்க மிதிக்க அந்தப் பெண் பறந்துகொண்டே இருந்தாள் என்று காரணமும் விளக்கினேன்.

அற்புதம் தேங்காய் திருவுவதை நிறுத்தினாள்.

"கண்ணாடிக்காரருக்கு ஆர் மிதிச்சது?"

"நான்."

"கேக்கமாட்டன் எண்டனான். ஆனால் காது திறந்துதானே கிடக்கு. அண்டைக்கு அந்த வயலின் ஜீ சுரத்திலை தொடங்கேல்லை. அதுக்குக் கீழை எங்கையோ கிடந்தது. நீங்கள் புள்ளி போட்டது வயலினுக்கு இல்லை. உங்கட முழங்காலுக்கு."

மெல்ல மிதித்தால் ரேப் மெல்லச் சுற்றும், சுரமும் இறங்கும். விரைவாக மிதித்தால் இரண்டும் ஏறும். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஓட்டப் போட்டியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு மணிக்கூட்டை வைத்து நேரம் எடுத்தவன் கதைதான் என்னுடையது. மலைக்காரர் உணர்ச்சியைக் கூட்டினாராம்! கூட்டியது ஏரம்பு.

அந்தப் பெண்ணை அழித்திருப்பேன். பதிவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

பங்குனி 6

முழங்கால் உண்மையிலேயே நோகிறது.

பங்குனி 9

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அற்புதம்தான் வழி சொன்னாள். இந்த இசையில் வாத்தியக்குழு கொஞ்சம் வாசித்து ஓய்ந்ததும் வயலின் தனியாக வரும். வயலினின் மிகக் கீழ்த்தந்தி ஜீ. வரும்போது முதலில் ஒலிப்பது அந்தத் தந்திதான், விரல் வைக்காமல். ஆகவே யார் வாசித்தாலும் அந்தச் சுரம் அதேதான். கோயில் ஆர்மோனியத்தில் ஜீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒத்து வரும்வரை மிதித்தால் சரியான வேகம்.

ஆக, சைக்கிளும் ரேப்பும் கோயிலுக்குப் போயின. சுவாமியார் வந்தார், பாடகர் குழுப் பிள்ளைகள் வந்தார்கள், தண்ணீர் அள்ள வந்தவர்களும் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். சைவக்காரரான ஏரம்பு, பீடத்துக்கு முன்னால் சைக்கிளில் ஏறலாமோ என்று தயங்கினார். ஏறச் சொல்லிச் சுவாமியாரே ஸ்டாண்டைப் பிடித்தார்.

அற்புதம் ஆர்மோனியத்தில் இருந்தாள். ஒரு கையால் ஜீ, மற்றக் கையால் ஏரம்புக்குச் சைகை. கை உயர்ந்தால் விரைவாக, தாழ்ந்தால் மெதுவாக.

"கொஞ்சம் கூட, ஏரம்பண்ணை. கூடிப்போச்சு. இப்ப பிடியுங்கோ. அப்படியே பிடியுங்கோ."

இரண்டு ஓசையும் ஒன்றாயின. எனக்கே தெரிந்தது. உரசிக்கொண்டிருந்தது ஏதோ நின்று போனது போல. ஏரம்பு அந்த வேகத்தைக் காலில் வைத்துக்கொண்டு முன்னே பார்த்தபடி மிதித்தார், வரம்பில் நடப்பவர் போல.

முதலில் கண்ணாடிக்காரர். என்னுடைய பெரிய நிதானம் காணாமல் போயிருந்தது. நல்ல வாசிப்பு, அவ்வளவுதான். மலை அதைவிடக் கொஞ்சம் உயிரானது. பிறகு நீலச்சட்டைக்காரி. அவளிடம் அவசரமே இல்லை. நடுப்பகுதி மெல்ல வந்தபோது தண்ணீர் அள்ள வந்தவர்கள் நிலத்தில் இருந்துவிட்டார்கள். எனக்கு உதாரணம் ஒன்றும் வரவில்லை. வராதது எனக்குப் புதிது.

முடிந்ததும் யாரும் எழும்பவில்லை. ஏரம்புதான் கேட்டார்: "அக்கா, இந்தப் பிள்ளையையோ மாஸ்டர் அழிக்கப் பாத்தவர்?"

எல்லோரும் சிரித்தார்கள். அற்புதமும் சிரித்தாள். பதினாறு நாளைக்குப் பிறகு.

நானும் எழும்பி நின்று, 48ஐத் திருத்தி 98 ஆக்குகிறேன் என்று கோயிலில் அறிவித்தேன்.

"மிச்சம் ரெண்டும் எங்கை?" என்றாள் அற்புதம்.

"அது ஏரம்புவுக்கு."

பங்குனி 14, ஞாயிறு

கண்ணாடிக்காரரையும் மலையையும் அற்புதமே கொண்டுவந்தாள். பதிய முடியாதபடி கசற்றின் மூலையில் உடைத்திருந்த துளைகளைத் தன் கையாலேயே ஒட்டுத்தாள் ஒட்டி மூடினாள். கொடுப்பதென்றால் தானே கொடுக்க வேண்டும் என்றாள். கண் கலங்கவில்லை. பதிவுக்கென்று சுவாமியார் பொத்தி வைத்திருந்த பற்றறியில் ரேப் ஓடியது, பிள்ளைகள் பாடினார்கள், அவள் வயலின் வாசித்தாள். ஒரே முயற்சியில் எல்லாப் பாட்டும் சரி வந்தன. மற்றக் கசற்றுக்கு மறுபடியும் முழுவதையும் பாடினார்கள். சோர்ந்த குரல் ஒன்றுகூட இல்லை.

சித்திரை 4

உயிர்ப்பு ஞாயிறு. இங்கே நல்ல சனம். கரையில் எப்படியோ.

சித்திரை 9

கரையில், மாத்தளன் பக்கத்துக் கோயிலிலிருந்து, வள்ளமும் வலையும் வைத்திருக்கும் ஞானப்பிரகாசம் சம்மாட்டி வந்தார். அங்கே பாட்டுக்குப் பொறுப்பு அவர்தான். கருவாட்டுப் பொதியைக் கதிரையில் வைத்துவிட்டு, நிற்கிற நிலையிலேயே முறையிட்டார்.

"எல்லாப் பாட்டுக்கும் சொல் எழுதித் தந்தனீங்கள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் தரேல்லையே மாஸ்டர்."

எந்தக் கடைசிப் பாட்டு?

அவர் சொன்னது இது. பூசை முடிந்தது. கசற்றில் இருந்த கடைசிப் பாட்டும் பாடி முடிந்தது. சனம் வெளியேறத் திரும்பியது. ரேப்பை நிறுத்த யாரும் நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் சத்தமில்லை. திடீரென்று வயலினும் பெரிய வாத்தியங்களுமாகக் கோயில் அதிர எழும்பியிருக்கிறது. போனவர்கள் திரும்பி வந்து நின்றார்கள். உயிர்ப்புக்கென்று விசேடமாக நாங்கள் சேர்த்து அனுப்பியது என்று நினைத்துக் கோயில் மணியையும் அடித்தார்களாம்.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் சென்றது. எங்கள் பாட்டுகள் கசற்றின் பக்கம் முடியுமுன்பே முடிந்துவிட்டன. அவற்றுக்கு அப்பால் உள்ளது அழியவில்லை. கொன்சேட்டோவின் கடைசிப்பகுதியின் முடிவு, அந்த வெற்றி முழக்கம், அப்படியே இருந்திருக்கிறது. மற்றக் கோயிலில் என்ன நடந்ததோ தெரியாது.

அற்புதம் குசினியிலிருந்து வந்து மற்றக் கதிரையில் இருந்தாள்.

"அதுக்குச் சொல் இல்லை அண்ணை. நீங்கள் திரும்பி வந்து நிண்டியளே, அது போதும்."

"அப்ப வாற ஞாயிறும் போடலாமோ? சனம் கேக்குது."

"ஓம், போடுங்கோ. மிதிக்கிறவையைச் சோரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

அவர் போனபின் வின்சனுக்குக் கடிதம் எழுத இருந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வழக்கமான சுகநலன்களுக்குப் பிறகு: 'அடுத்த முறை ஆரும் வந்தால் அதையே அனுப்பு. வேறை ஆள் வாசிச்சது எண்டாலும் பறவாயில்லை. இஞ்சை கேக்க ஆக்கள் இருக்கினம்.'