பதிவில் கேட்ட முனகல்

திண்டிவனம். ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை இரவு.

மருமகள் செல்விக்குக் கம்ப்யூட்டரில் கதை வாசித்துத் தரும் வேலை வரும் போலிருக்கிறது. கிடைத்தால் கைக்குழந்தையை விட்டுவிட்டு வேலைக்காக விழுப்புரம் பஸ் ஏற வேண்டாம். மாதிரிக்கு ஒரு கதையை இரைச்சல் இல்லாமல் பதிவு செய்து நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டும்.

சாயங்காலம் ஜன்னலில் மெத்தையைச் சாத்தினோம். ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினாள். மைக்கைக் கம்ப்யூட்டரிலிருந்து தள்ளி வைத்தாள். அப்படியும் பதிவில் ஒரு முனகல் கேட்டது. ஹெட்போனை மாட்டிக் கேட்டவள் சிரித்துவிட்டாள்.

"மாமா, இங்க கதையில ராஜா அழுவுறாரு. பின்னாடி நீங்க மல்லாட்டை விலை படிச்சிக்கினு கீறீங்க!"

எனக்கும் மாட்டிவிட்டாள். நான்தான்! வெளியே உட்கார்ந்து பேப்பரில் வேர்க்கடலை விலையை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். இப்போதுதான் எழுத்துக் கற்ற என் குரல் படிப்பதை இந்த வயதில் கேட்டு உடம்பு சிலிர்த்தது. அவள் முகம்தான் வாடிவிட்டது.

"கொஞ்சம் மனசுக்குள்ள படிங்க மாமா."

முயன்றேன். வாயை மூடினால் எழுத்து வெறும் கோடாகிவிடுகிறது. எழுதும்போதும் வாய்விட்டுச் சொன்னால்தான் வரும். இந்த வேலை என்னால் கெட்டுப்போனால்...

உள்ளே மறுபடியும் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். துண்டைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நீளமான சொல் வந்தால் தொண்டை தானாக முனகுகிறது. போதும், எழுதுவதை நிறுத்துகிறேன்.