ஒரு கப் மாவின் எடை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? போன கடிதத்தில் பாப்பாவைப் பற்றி மட்டும் மழுப்பியிருந்தாய்.

இங்கே பேக்கரியில் தராசு பழுதானதால் மாவைக் கப்பால் அளந்தேன். ஒரு கப்புக்கு நூற்றிருபது கிராம் என்று கணக்கு. நான் அமுக்கி அமுக்கி அள்ளியதில் நூற்றறுபது ஏறிவிட்டது. ரொட்டி அத்தனையும் செங்கல்! “கப்பு நிறைஞ்சா போதுமாய்யா? எடை என்னன்னு பாக்க வேணாமா?” என்று கத்திய மேஸ்திரி, என்னை அடுப்பு வேலைக்கு மாற்றிவிட்டார். கையில் சின்னச் சூடுதான். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

நீ அனுப்பிய படத்தில் பாப்பா போர்வைக்குள் கொழுகொழுவென்று தெரிகிறாள். ஆனால் அவள் எடை குறைந்துகொண்டே போவதாக டாக்டர் சொன்னதை உன் தம்பி எழுதிவிட்டான். அவனைத் திட்டாதே. எத்தனை கிலோ, எத்தனை கிராம் என்று மறைக்காமல் எழுது. அவளுடைய பழைய சட்டை ஒன்றும் அனுப்பு, துவைக்காமல்.

மணி அடித்துவிட்டது, ஓட வேண்டும். தராசைச் சரிசெய்துவிட்டார்கள். நீ எழுதும் எடைக்கு மாவை நிறுத்துப் பையில் கட்டி, அந்தச் சட்டையைப் போர்த்தி, ஒரு தரம் தூக்கிப் பார்க்கிறேன். பிறந்ததிலிருந்து நான் அவளைத் தூக்கியதே இல்லையே.

அவள் அப்பா